கமாண்ட் நாட் ஃபவுண்ட் என்று வந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லிக்கு ஊற்றி அடுப்பில் ஏற்றும் நேரத்தில் போன் வந்தது. அணைக்கட்டுப் பக்கத்துப் பையன், இரண்டாம் ஆண்டு படிக்கிறான்.

"மேடம், லேப்டாப்ல எல்லாமே போச்சு. எல்எஸ் கூட வரல. ஓஎஸ் மறுபடி போட்டுடட்டுமா?"

எல்எஸ் என்பது ஃபோல்டரில் இருப்பதைப் பட்டியலிடும் அடிப்படைக் கமாண்ட். பென் டிரைவில் உபுண்டு என்ற லினக்ஸ் ஓஎஸ்ஸை ஏற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் கூப்பிட்டிருக்கிறான். அவனுடைய மினி புராஜெக்ட் முழுக்க அந்த லேப்டாப்பில் இருக்கிறது, வேறெங்கும் நகல் இல்லை.

"தம்பி, பென் டிரைவைக் கழட்டி ஓரமா வை. நான் சொல்றத மட்டும் தட்டு" என்றேன். இட்லி வேகும் முன்னால் லேப்டாப் சரியாகிவிட்டது.

காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபைப் பதினான்கு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். அறுபது மெஷின், எல்லாமே உபுண்டு. எனக்கு வரும் போன்களில் பாதி இந்த ஒரே விஷயத்துக்குத்தான்: "இன்ஸ்டால் பண்ணிட்டேன், ஆனா கமாண்ட் நாட் ஃபவுண்ட்னு வருது." எதையும் அழிக்காமல், மறுபடி இன்ஸ்டால் செய்யாமல் இதைச் சரிசெய்ய முடியும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

போனில் படித்துக் காட்டுவது போலவே கமாண்டுகளைத் தமிழ் ஒலியில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் தட்டுங்கள். பாத், ஹோம் என்ற இரண்டு பெயர்கள் மட்டும் முழுக்கப் பெரிய எழுத்து. $ என்றால் டாலர் குறி, : என்றால் கோலன், ~ என்றால் டில்டே (உங்கள் சொந்த ஃபோல்டரைக் குறிக்கும் குறி). எல்எஸ், ஆர்சி என்று எழுத்தெழுத்தாக வருவதை அப்படியே எழுத்தெழுத்தாகத் தட்டுங்கள்.

ஷெல் எப்படித் தேடுகிறது

டெர்மினலில் நாம் தட்டும் கமாண்டை வாங்கி, அதற்கான புரோகிராமைத் தேடி ஓட்டுவதுதான் ஷெல். வேலூர் கொசப்பேட்டையில் இருந்த காலத்தில் அம்மா என்னை நேதாஜி மார்க்கெட்டுக்கு அனுப்புவார்கள். "முதல்ல முனைக் கடையில கேளு. இல்லன்னா ரெண்டாவது கடை. அங்கயும் இல்லன்னா உள்ள போய்க் கேளு. எங்க கிடைச்சாலும் வாங்கிட்டு வந்துடு." முனைக் கடையில் கிடைத்துவிட்டால், உள்ளே நல்ல சரக்கு இருந்தாலும் எனக்குத் தெரியாது, நான் போய்ப் பார்க்கவும் மாட்டேன். மூன்று கடையிலும் இல்லையென்றால் "கிடைக்கலம்மா" என்று திரும்பி வருவேன். வேலூரிலேயே அந்தப் பொருள் இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. எனக்குச் சொன்ன கடைகளில் இல்லை, அவ்வளவுதான்.

பாத் என்பது அந்தக் கடைப் பட்டியல். ஃபோல்டர்களின் பெயர்கள் வரிசையாக, நடுவில் கோலன் வைத்து எழுதப்பட்டிருக்கும். ஒரு கமாண்டைத் தட்டினால் ஷெல் இடமிருந்து வலமாக ஒவ்வொரு ஃபோல்டராகப் பார்க்கும். முதலில் எங்கே கிடைக்கிறதோ அதை ஓட்டும், அதற்குமேல் தேடாது. 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்த போர்ன் ஷெல்லிலிருந்து இன்று உபுண்டுவில் இருக்கும் பாஷ் ஷெல் வரை இந்த ஏற்பாடு மாறவில்லை.

இன்னும் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பட்டியலை எடுப்பதற்கு முன்னாலேயே ஷெல் வீட்டுக்குள் பார்த்துவிடும்: அலியாஸ் (நாம் வைத்த மாற்றுப் பெயர்) இருக்கிறதா, ஃபங்ஷன் (பெயர் வைத்த கமாண்டுத் தொகுப்பு) இருக்கிறதா, தனக்குள்ளேயே கட்டிவைத்த பில்ட்இன் கமாண்டா என்று. நீங்கள் தட்டிய பெயரில் ஒரு சாய்கோடு (/) இருந்தாலோ, அது நேரடி முகவரி. ஷெல் எந்தப் பட்டியலையும் பார்க்காமல் நேரே அங்கே போகும். பாத் கெட்டுக் கிடக்கும்போது நம்மைக் காப்பாற்றுவது இந்த இரண்டாவது விஷயம்தான்.

தொடுவதற்கு முன் கேளுங்கள்

முதல் வேலை, பட்டியலைப் பார்ப்பது.

எக்கோ "$பாத்"

ஒரே நீளமாக வரும். கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் கோலன் இருக்கும் இடத்திலெல்லாம் வரி உடைத்துப் பாருங்கள்:

எக்கோ "$பாத்" | டிஆர் ':' '\என்'

வரிவரியாக நிதானமாகப் படியுங்கள். நீங்கள் இன்ஸ்டால் செய்த புரோகிராம் இருக்கும் ஃபோல்டர் இதில் இருக்கிறதா? ஒரு எழுத்துப் பிழையோ, நடுவில் ஒரு ஸ்பேஸோ, ஒரு காலி வரியோ இருக்கிறதா? லேபில் நான் பார்க்கும் பிழைகளில் பெரும்பகுதி இந்த இடத்திலேயே அகப்பட்டுவிடும்.

அடுத்தது, குறிப்பிட்ட கமாண்டைப் பற்றி ஷெல்லிடமே கேட்பது.

டைப் -ஏ பைத்தான்3

இந்தப் பெயரில் ஷெல்லுக்குத் தெரிந்த எல்லாவற்றையும், எந்த வரிசையில் எடுக்குமோ அதே வரிசையில், இது காட்டும். பலரும் விச் என்ற கமாண்டைப் பயன்படுத்துகிறார்கள். உபுண்டுவில் விச் என்பது வெளியே இருக்கும் தனிப் புரோகிராம். பாத்தில் இருக்கும் ஃபைல்களை மட்டுமே அது பார்க்கும், உங்கள் ஷெல்லுக்குள் இருக்கும் அலியாஸோ பில்ட்இன்னோ அதற்குத் தெரியாது. அதனால் டைப் -ஏ பழகிக்கொள்ளுங்கள்.

கமாண்ட் தோற்ற உடனே எக்கோ $? என்று தட்டினால் ஒரு எண் வரும். 127 என்றால் பெயரே கிடைக்கவில்லை. 126 என்றால் ஃபைல் கிடைத்தது, ஆனால் ஓட்ட முடியவில்லை, பெரும்பாலும் அனுமதிக் கோளாறு. அதற்குச் சிஹெச்மாட் +எக்ஸ் போட வேண்டும், பாத்தைத் தொட வேண்டியதில்லை. இந்த எண்ணைப் பார்க்காமலே பாத்தில் வரிமேல் வரியாகச் சேர்த்துக்கொண்டே போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

எல்எஸ் கூட வராத லேப்டாப்

அணைக்கட்டுப் பையனுக்கு வருவோம். முந்தைய நாள் ராத்திரி அவன் ஜாவா போட்டிருக்கிறான். எங்கோ பார்த்த ஒரு வரியை, டெர்மினலைத் திறக்கும்போதெல்லாம் பாஷ் படிக்கும் ~/.பாஷ்ஆர்சி ஃபைலின் கடைசியில் ஒட்டிவிட்டான்:

எக்ஸ்போர்ட் பாத்=/ஆப்ட்/ஜேடிகே/பின்

பிழை எதுவென்று தெரிகிறதா? பழைய பட்டியலைச் சேர்க்காமல் அதன்மேலேயே எழுதிவிட்டான். இப்போது ஷெல்லுக்குத் தெரிந்தது ஒரே ஒரு கடை. எல்எஸ், நானோ (ஃபைலைத் திருத்த), சூடோ (அட்மின் அதிகாரத்தில் ஓட்ட) எல்லாம் டிஸ்கில் அதே இடத்தில் பத்திரமாக இருக்கின்றன. போய்ப் பார்க்கத்தான் ஷெல்லுக்கு முகவரி இல்லை. எல்எஸ் தட்டினால் உபுண்டுவே அழகாகச் சொல்கிறது: அந்தக் கமாண்ட் இன்ன ஃபோல்டரில் இருக்கிறது, அந்த ஃபோல்டர் பாத்தில் இல்லை என்று. பதற்றத்தில் அவன் கடைசி வரியை மட்டும் படித்திருக்கிறான். "மேல இருக்கறதையும் படி தம்பி" என்றேன். படிக்கப் படிக்கவே அவன் குரல் மாறியது.

இந்த நிலையிலும் சிடி, எக்கோ, எக்ஸ்போர்ட், டைப் ஆகியவை வேலை செய்யும், ஏனென்றால் அவை பில்ட்இன். ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்று பார்க்க எக்கோ * போதும். முதலில் அந்த ஜன்னலுக்கு மட்டும் தற்காலிகப் பட்டியல் ஒன்று கொடுத்தோம்:

எக்ஸ்போர்ட் பாத்=/யூஎஸ்ஆர்/பின்:/பின்

எல்எஸ் வந்துவிட்டது. அப்புறம் நானோவில் .பாஷ்ஆர்சியைத் திறந்து அந்த வரியை இப்படித் திருத்தினான்:

எக்ஸ்போர்ட் பாத்="$பாத்:/ஆப்ட்/ஜேடிகே/பின்"

பழைய பட்டியல் முழுக்க அப்படியே, அதன் கடைசியில் புதிய ஃபோல்டர். புதிய டெர்மினல் ஒன்றைத் திறந்து பார்க்கச் சொன்னேன். ஜாவாவும் வந்தது, எல்எஸ்ஸும் வந்தது.

இதே வரியை, லாகின் செய்யும்போது படிக்கப்படும் .புரொஃபைலிலோ /ஈடிசி/என்விரான்மென்டிலோ போட்டிருந்தால் இன்னும் சங்கடம். பாஸ்வேர்டு சரியாகக் கொடுத்தாலும் லாகின் திரை சுற்றிச் சுற்றித் திரும்ப வரும். அப்போது கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும். அதில் லாகின் செய்து, மேலே சொன்னபடியே தற்காலிகப் பட்டியல் கொடுத்து, ஃபைலைத் திருத்தலாம்.

எந்த ஃபைலில் எழுதுவதானாலும், அந்த எக்ஸ்போர்ட் வரியை முதலில் ஒரு டெர்மினலில் கையால் தட்டிப் பாருங்கள். தப்பாகிவிட்டால் ஜன்னலை மூடினால் போதும், மாற்றம் அதோடு போய்விடும். அதில் வேலை செய்த பிறகு ஃபைலில் எழுதுங்கள். என் லேபில் இது கட்டாயம்.

முன்னாலா, பின்னாலா

புதிய ஃபோல்டரைப் பட்டியலின் முன்னால் வைத்தால், அதில் இருக்கும் ஒவ்வொரு கமாண்டும் சிஸ்டத்தின் கமாண்டுகளை முந்திக்கொள்ளும். பின்னால் வைத்தால் வேறெங்கும் கிடைக்காதபோது மட்டும் பயன்படும். நான் பின்னால் வைக்கவே சொல்வேன். வேண்டுமென்றே புதிய பதிப்பு முந்த வேண்டும் என்றால் மட்டும் முன்னால்.

மினிகோண்டா (தனக்கென்று ஒரு பைத்தானைக் கொண்டுவரும் தொகுப்பு) போட்ட மெஷின்களில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். டைப் -ஏ பைத்தான்3 என்றால் முதலில் மினிகோண்டாவின் பைத்தான், அடுத்து /யூஎஸ்ஆர்/பின்னில் உள்ளது என்று வரிசையாக வரும். பைத்தான் பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்யும் பிப், ஒரு பைத்தானுக்குள் பேக்கேஜை வைத்திருக்கும், ஓடுவது இன்னொரு பைத்தானாக இருக்கும். பைத்தான்3 -எம் பிப் என்று கூப்பிட்டால், எந்தப் பைத்தான் ஓடுகிறதோ அதற்கே பேக்கேஜ் போகும்.

எழுதும்போது வரும் சின்னப் பிழைகள் சில. சமக்குறிக்கு இருபுறமும் ஸ்பேஸ் விட்டால், எக்ஸ்போர்ட் இல்லாத வரியில் பாத் என்பதையே ஒரு கமாண்டாக நினைத்து ஷெல் தேடும், எக்ஸ்போர்ட் உள்ள வரியில் எரர் வரும். மேற்கோளுக்குள் போட்ட டில்டே விரியாது, அதாவது ஃபோல்டரின் முழுப் பெயராக மாறாது. பாஷ் அதைச் சமாளித்துவிடலாம், ஆனால் மற்ற புரோகிராம்கள் சமாளிக்காது, அதனால் $ஹோம் என்று எழுதுங்கள். வேர்டு ஃபைலிலிருந்து நகலெடுத்தால் வளைந்த மேற்கோள் குறி ஒட்டிக்கொண்டு வரும், பார்வைக்குத் தெரியவே தெரியாது. ஒரு நாள் மதியம் முழுக்க மூன்று மாணவர்களோடு உட்கார்ந்து இதைத் தேடியிருக்கிறேன். மேற்கோளை அழித்துவிட்டுக் கையால் தட்டினோம், சரியானது.

குடியாத்தம் பெண்ணின் டெஸ்ட் புரோகிராம்

முதல் வருட சி லேப். குடியாத்தத்திலிருந்து தினமும் வந்து போகும் பெண். புரோகிராம் எழுதி, டெஸ்ட் என்று பெயர் வைத்து, பிழையில்லாமல் கம்பைல் செய்துவிட்டாள். டெஸ்ட் என்று தட்டி என்டர் அழுத்தினால் எதுவும் வரவில்லை. எரர்கூட இல்லை. "பிரிண்ட்எஃப் சரியாத்தான் மேடம் போட்டிருக்கேன்" என்று நான்கு தடவை காட்டினாள், கண் கலங்கிவிட்டது.

அவள் புரோகிராமில் ஒரு குறையும் இல்லை. டைப் -ஏ டெஸ்ட் தட்டச் சொன்னேன். முதல் வரியிலேயே பதில் வந்தது: டெஸ்ட் என்பது ஷெல்லின் பில்ட்இன். அடுத்து /யூஎஸ்ஆர்/பின்னிலும் ஒரு டெஸ்ட். அவளுடைய டெஸ்ட் பட்டியலில் எங்குமே இல்லை. யூனிக்ஸ் ஷெல்கள், நாம் நிற்கும் ஃபோல்டரைத் தானாகத் தேடுவதில்லை. சாய்கோடு வைத்து முகவரியாகச் சொல்ல வேண்டும்:

./டெஸ்ட்

தட்டியதும் அவளுடைய வரி திரையில் வந்தது. அந்த நிமிடம் அவள் முகம் எப்படி இருந்தது என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பக்கத்து சீட்டுப் பையன் உடனே கேட்டான்: "பாத்துலயே ஒரு புள்ளி சேர்த்துட்டா இந்தத் தொல்லை இல்லையே மேடம்?" சேர்க்கக் கூடாது. யாரோ ஒருவர் பொது ஃபோல்டரில் எல்எஸ் என்ற பெயரில் கெட்ட ஸ்கிரிப்ட் வைத்திருந்து, நீங்கள் அங்கே போய் எல்எஸ் தட்டினால், அது உங்கள் அதிகாரத்தில் ஓடிவிடலாம். புள்ளி போடாமலேயும் இது நடக்கும்: பட்டியலில் அடுத்தடுத்து இரண்டு கோலன் வந்தாலோ, தொடக்கத்திலோ முடிவிலோ ஒரு கோலன் தொங்கினாலோ, அந்தக் காலியிடத்துக்கு "இப்போது நிற்கும் ஃபோல்டர்" என்றுதான் பொருள். வரி உடைத்துப் பார்க்கும்போது காலி வரியைக் கவனிக்கச் சொன்னது இதனால்தான்.

பழைய முகவரி

2019-இல் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் ஆற்காட்டுக்காரர்கள் மனுவை எடுத்துக்கொண்டு பழக்கத்தில் எங்கள் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸுக்கே வந்து இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். பாஷும் அப்படிப் பழகும். ஒரு கமாண்டை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் அதன் இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த தடவை நேரே அங்கே போகும். இடையில் புரோகிராம் வேறு ஃபோல்டருக்கு மாறியிருந்தால், பழைய முகவரியைச் சொல்லி "அப்படி ஒரு ஃபைல் இல்லை" என்று நிற்கும். டைப் தட்டினால் ஹேஷ்டு என்று சொல்லி, நினைவில் வைத்த முகவரியை அடைப்புக்குறிக்குள் காட்டும். ஹேஷ் -ஆர் என்று தட்டுங்கள், நினைவை அழித்துவிட்டு மறுபடி தேடும். மேக்கில் வரும் ஸீஷெல் என்ற இன்னொரு ஷெல்லில் இதற்கு ரீஹேஷ்.

எந்த ஃபைலில் எழுதுவது

உபுண்டுவில் டெர்மினலைத் திறந்தால் பாஷ் .பாஷ்ஆர்சியைப் படிக்கும். எஸ்எஸ்ஹெச் வழியாக வேறு மெஷினிலிருந்தோ எழுத்துத் திரையிலோ லாகின் செய்தால் முதலில் .பாஷ்_புரொஃபைல், அது இல்லையென்றால் .பாஷ்_லாகின், அதுவும் இல்லையென்றால்தான் .புரொஃபைல் என்று தேடி, முதலில் கிடைத்த ஒன்றை மட்டும் படிக்கும். ஏதோ ஒரு இன்ஸ்டாலர் புதிதாக .பாஷ்_புரொஃபைல் ஒன்றை உருவாக்கிவிட்டால், அன்றிலிருந்து இந்த லாகின்களில் உங்கள் .புரொஃபைல் படிக்கப்படாது. "நேத்து வரைக்கும் வேலை செஞ்சது மேடம்" என்று யாராவது சொன்னால் நான் முதலில் இதைத்தான் பார்ப்பேன். எந்த வரி எங்கே இருக்கிறது என்று தேட:

கிரெப் -என் பாத் ~/.பாஷ்ஆர்சி ~/.புரொஃபைல் ~/.பாஷ்_புரொஃபைல் /ஈடிசி/என்விரான்மென்ட்

பைத்தானில் எழுதிய புரோகிராம்களை இன்ஸ்டால் செய்யும் பிப்எக்ஸில் முதல் தடவை எதையாவது போடும்போது இன்னொன்று நடக்கும். புரோகிராம் ~/.லோக்கல்/பின்னில் போய் உட்காரும். உபுண்டுவின் .புரொஃபைல், லாகின் சமயத்தில் அந்த ஃபோல்டர் இருந்தால் மட்டுமே பாத்தில் சேர்க்கும். நீங்கள் லாகின் செய்தபோது ஃபோல்டரே இல்லை, பிறகுதான் உருவானது. அதனால் கமாண்ட் வராது. லாக்அவுட் செய்துவிட்டு மறுபடி உள்ளே வாருங்கள், வரும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு: 2019-இல் வந்த கேட்டலினா முதல் ஸீஷெல்தான் இயல்பான ஷெல், ஆகவே .பாஷ்ஆர்சியில் எழுதிப் பயனில்லை, .இஸட்எஸ்ஹெச்ஆர்சியில் எழுதுங்கள். ஆப்பிள் சிப் உள்ள மேக்கில், புரோகிராம்களை இன்ஸ்டால் செய்யும் ஹோம்ப்ரூவின் கமாண்டுகள் /ஆப்ட்/ஹோம்ப்ரூ/பின்னில் இருக்கும்.

சூடோவிலும் கிரானிலும்

உங்கள் பெயரில் வரும் கமாண்ட், சூடோ போட்டால் வரவில்லையா? உபுண்டுவில் சூடோ உங்கள் பட்டியலை எடுத்துக்கொள்ளாது. சூடோயர்ஸ் ஃபைலில் செக்யூர் பாத் என்று அதற்கென்று தனிப் பட்டியல் உண்டு. பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு அது, அதைக் கலைக்காதீர்கள். முழு முகவரியைக் கொடுத்து ஓட்டுங்கள், போதும்.

குறித்த நேரத்தில் கமாண்டுகளைத் தானாக ஓட்டும் கிரானின் விஷயம் என் தம்பியால் எனக்கு நன்றாகப் பழகியது. ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்டாக் பட்டியலைத் தயாரித்து மெயிலில் அனுப்பும் ஸ்கிரிப்ட் ஒன்று எழுதியிருந்தான். பகலில் கையால் ஓட்டினால் ஓடுகிறது, ராத்திரியில் ஓடவில்லை. மூன்று நாள் தூக்கம் கெட்டு, "அக்கா, ஸ்கிரிப்ட்ல ஒரு தப்பும் இல்லக்கா" என்று போன் செய்தான்.

தப்பு ஸ்கிரிப்டில் இல்லைதான். கிரான் உங்கள் .பாஷ்ஆர்சியைப் படிப்பதில்லை. உபுண்டுவில் அதற்குத் தெரிந்தவை /யூஎஸ்ஆர்/பின், /பின் இரண்டு மட்டுமே. அவன் பயன்படுத்திய புரோகிராமோ ~/.லோக்கல்/பின்னில் இருந்தது. வாயால் சொல்லிப் புரியவைப்பதைவிட அவனே பார்க்கட்டும் என்று, கிரானுக்கான வேலைகளை எழுதும் கிரான்டேபில் நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்படி ஒரு வரி போடச் சொன்னேன்:

* * * * * என்வ் > /டிஎம்பி/கிரான்பாத்

ஒரு நிமிடம் கழித்து அந்த ஃபைலைத் திறந்து, தன் டெர்மினலில் வரும் பாத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ஒரு பக்கம் இரண்டு ஃபோல்டர், இன்னொரு பக்கம் பத்து. "ஓ" என்று மட்டும் சொன்னான்.

பார்த்து முடித்ததும் அந்த வரியை நீக்கிவிட வேண்டும். கிரான்டேபின் தலையில் பாத்= என்று எழுதிப் பட்டியலை முழுதாகக் கொடுக்கலாம், ஆனால் அங்கே $பாத், $ஹோம் எல்லாம் விரியாது, முழுப் பெயராகவே எழுத வேண்டும். தம்பியை ஸ்கிரிப்டுக்குள்ளேயே அந்தப் புரோகிராமை முழு முகவரியோடு கூப்பிடச் சொன்னேன். மறுநாள் காலை அவன் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஸ்டாக் பட்டியல் மெயிலில் இருந்தது, நேரம் இரண்டு மணி ஒரு நிமிடம்.